ஒரே கெமராவில் கல்யாணம்: எதை எடுப்பது, எதை விடுவது

கேள்வி: வரும் ஆவணியில் எனக்குக் கல்யாணம். வீடு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு). மண்டபம் ஹட்டனில். முகூர்த்தம் காலை 9.10 முதல் 10.20 வரை. எங்கள் வசதிக்கு ஒரு வீடியோக்காரரும் ஒரு கெமராவும்தான். கூடவே தம்பி தன் ஃபோனில் எடுப்பதாகச் சொல்கிறான். அக்காவின் கல்யாண வீடியோ நாலு மணி நேரம் ஓடும். பாதிக்கு மேல் மொய்யும் பந்தியும்தான். அப்பாயி அதில் ஓரிடத்திலும் ஒழுங்காக விழவில்லை. அப்பா தாரை வார்க்கிற இடத்தில் யாரோ குறுக்கே நிற்கிறார்கள். டுபாயில் வேலை செய்யும் சித்திக்கு லீவு இல்லை, அவருக்கு நேரலையில் காட்ட வேண்டும். எந்தெந்த நேரத்தில் எதை எடுக்கச் சொல்ல வேண்டும்? தேயிலை மலையில் ட்ரோன் விடலாமா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

ஒரு கெமரா ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து முதலில் பேசி முடிக்க வேண்டியது, எதை விடுவது என்பதைத்தான். அதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் அன்றைக்கு வீடியோக்காரர் நின்ற நிலையில் முடிவு செய்வார். கூட்டத்தில் உங்கள் அப்பாயி யார், தாய்மாமன் யார் என்று அவருக்குத் தெரியாது. அக்காவின் வீடியோவில் அதுதான் நடந்திருக்கிறது.

முடிவு செய்ய ஒரு எளிய அளவுகோல் உண்டு. அந்தக் காட்சி தவறிப்போனால் மறுபடி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தாரை வார்ப்பது, தாலி கட்டுவது, பெண் புறப்படும்போது அம்மா அழுவது, இவையெல்லாம் ஒரே ஒரு தடவைதான். கூறைச்சேலையின் கரை, மெட்டி போட்ட கால், மருதாணிக் கை, மண்டப வாசல் அலங்காரம் எல்லாம் அரை மணி கழித்தும் அப்படியேதான் இருக்கும். அவற்றுக்காக நடக்கிற சடங்கை விட்டுவிட்டு ஓட வேண்டாம். மொய் மூன்றாவது வகை. 300 பேர் வரிசையில் வந்து ஆளுக்கு 20 செக்கன் மேடையில் நின்றால் 100 நிமிடம். அதை முழுதாக வீடியோவில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். போட்டோக்காரர் ஆளுக்கொரு படம் எடுக்கிறார், மொய் நோட்டில் பெயர் இருக்கிறது. வீடியோவுக்கு இரண்டு நிமிடம் போதும். பந்திக்கும் அவ்வளவுதான்: இலை போடுவது, பரிமாறுகிற கைகள், வயதானவர்கள் உட்கார்ந்த வரிசை. சாப்பிடுகிற வாயை எடுக்க வேண்டாமென்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஐயரிடம் போங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, கையில் நோட்டோடு, வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. காப்பு, கூறை கொடுப்பது, தாரை வார்ப்பு, மாங்கல்ய ஆசி, தாலி, பொரி, அம்மி, அருந்ததி என்று பொதுவான வரிசை இருந்தாலும், ஐயருக்கு ஐயர், குடும்பத்துக்குக் குடும்பம் அது மாறும். நாலு கேள்வி கட்டாயம் கேளுங்கள். முகூர்த்த நேரத்துக்குள் எத்தனை மணிக்குத் தாலி கட்ட வைக்க உத்தேசம்? நீங்கள் மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் உட்காருவீர்கள், தாலிக்குப் பிறகு இடம் மாறுவீர்களா? ஹோமம் தாலிக்கு முன்பா, பின்பா? எந்தெந்தச் சடங்குக்கு உறவுக்காரர் யார் மேடைக்கு வர வேண்டும்? இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால் கெமரா எங்கே நிற்க வேண்டும் என்பதில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கடைசிக் கேள்வியில் உங்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தம்பி ஃபோனில் எடுப்பான் என்கிறீர்கள். ஆனால் பெண்ணின் உடன்பிறந்தவனுக்குத்தான் மேடையில் வேலை. மாப்பிள்ளைக்கு மாலை போடுவது, பொரியிடும்போது உங்கள் கையில் பொரியை அள்ளிப் போடுவது எல்லாம் அவன். இடுப்பில் ஃபோனைச் செருகிக்கொண்டு ஓடி ஓடி அவனால் இரண்டையும் செய்ய முடியாது, அவன் முகமும் வீடியோவில் விழாமல் போகும். ஃபோனைச் சடங்கில் வேலை இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். உங்களோடு படித்த தோழி, அல்லது அத்தை மகன் யாராவது. மாப்பிள்ளையின் தங்கச்சியிடம் கொடுக்கக் கூடாது. மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார்தான் வேண்டும்.

இனி ஒரு பக்கத்துக்கு மேல் போகாத தாள் ஒன்று எழுதுங்கள். நேரம், இடம், சடங்கு, கண்டிப்பாக விழ வேண்டிய முகங்கள், கெமராவா ஃபோனா. அவ்வளவுதான். நூறு வரி எழுதிக் கொடுத்தால் வீடியோக்காரர் தாளைப் பார்ப்பாரா, மேடையைப் பார்ப்பாரா? பதினைந்து, இருபது வரிக்குள் முடியுங்கள். முகங்களுக்குப் பெயர் மட்டும் எழுதினால் பயனில்லை. அப்பாயி, அம்மாயி, தாய்மாமன், பெரியப்பா என்று பத்துப் பேரின் படத்தை வட்ஸ்அப்பில் முதல் நாளே அனுப்பிவிடுங்கள். இரண்டு வீட்டு முகங்களும் தெரிந்த ஒரு மாமாவை அன்றைக்கு முழுவதும் வீடியோக்காரர் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். ஆட்களைக் கூப்பிடுவதும், குறுக்கே நிற்பவர்களை மரியாதையாக விலக்குவதும் அவர் பொறுப்பு. வீடியோக்காரர் “கொஞ்சம் தள்ளுங்க” என்றால் ஆட்கள் முறைப்பார்கள். மாமா சொன்னால் தள்ளுவார்கள்.

அப்பாயியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். இது என் அழுத்தமான யோசனை. கல்யாணத்தன்று வயதானவர்கள் அதிகாலையில் எழுந்து, வேனில் வளைவு வளைவாக வந்து, கூட்டத்தில் ஒரு கதிரையில் ஒடுங்கிவிடுவார்கள். நலங்கு நாளில், மாலை நாலு மணி வெளிச்சத்தில், லயத்து வாசலில் ஒரு கதிரை போட்டு உட்கார வையுங்கள். வாசலுக்கு வெளியே பார்த்தபடி, கூரை நிழலுக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் ஒரே சீராக விழும், கண்ணும் கூசாது. கெமரா அவர் கண் மட்டத்தில், ஐந்தடி தள்ளி. நின்றுகொண்டு மேலிருந்து கீழே எடுத்தால் வயதானவர் இன்னும் சிறுத்துத் தெரிவார். மைக் சேலை மடிப்பில் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், சங்கிலியில் உரசாமல் பாருங்கள். கெமராவுக்குப் பின்னால் அவருக்குப் பிடித்த பேரன் பேத்தி ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். “ஏதாவது ஆசீர்வாதம் சொல்லுங்க” என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி “நல்லா இருங்க” என்று முடித்துவிடுவார்கள். “அப்பாயி, ஒங்க கல்யாணத்துல என்ன சேலை கட்டுனீங்க? எந்தக் கோயில்ல தாலி கட்டுனாங்க? அன்னைக்கு என்ன சமைச்சாங்க?” என்று பொருளாகக் கேளுங்கள். கேள்வி கேட்டபின் குறுக்கே பேசாமல் இருங்கள், அவர் நிறுத்தினாலும் ஐந்து செக்கன் பொறுங்கள். நல்ல பேச்சு பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். பத்து நிமிடம் எடுத்தால் இரண்டு நிமிடம் தேறும். அந்த இரண்டு நிமிடத்தைப் படத்தின் தொடக்கத்தில் வைக்கலாம், தாலிக்கு முன்பும் வைக்கலாம்.

நலங்கு இரவில் வீட்டுக்குள் எடுப்பது வெளிச்சத்தால் கெடும். லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, கூரை தகரம், சுவர் பெரும்பாலும் பச்சையோ நீலமோ. வீடியோ லைட்டை நேராக முகத்தில் அடித்தால் எண்ணெய் தேய்த்த முகம் மினுங்கி, பின்னால் சுவரில் கறுப்பு நிழல் விழும். எல்இடி லைட்டுக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரு வெள்ளை வேட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டால் வெளிச்சம் மெத்தென்று பரவும். பழைய ஹெலஜன் லைட்டாக இருந்தால் துணியைப் பக்கத்திலேயே கொண்டு போகக் கூடாது, தீப்பிடிக்கும். நலங்கில் தேவையானது அரை மணி நேரம்தான்: முதல் மூன்று பேர் நலங்கு வைப்பது முழுதாக, மற்றவர்கள் கைகளும் சிரிப்பும் துண்டு துண்டாக, நலங்குப் பாட்டு இருந்தால் அது மட்டும் வெட்டாமல் முழுதாக.

கல்யாணத்தன்று காலை அலங்காரத்தை மூன்று மணியிலிருந்தே எடுக்க வேண்டியதில்லை. குழல் விளக்கில் அது ஒரு வெளிறிய காட்சியாகத்தான் வரும். நம் நாட்டில் செப்டெம்பர் முன்பின்னாக ஆறு மணியளவில் விடியும். மலைக்குப் பின்னால் உள்ள தோட்டமென்றால் வாசலில் நல்ல வெளிச்சம் வர இன்னும் கால் மணி ஆகும். அழகுக்கலைஞரிடம் சொல்லி, பூ வைப்பதையும் கடைசி நகை போடுவதையும் 6.15க்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசலைப் பார்த்து உட்காருங்கள், உள்ளே மின்விளக்கை அணைத்துவிடுங்கள். பூவை அம்மா வைக்கட்டும். அலங்கரிப்பவரின் கையைவிட அம்மாவின் கை வீடியோவில் இருப்பது பத்து வருடம் கழித்து உங்களுக்குப் பெரிதாகத் தெரியும். பிறகு லயத்து வாசலில் இறங்கி, அயல் வீட்டார் எல்லாம் வாசலில் நிற்க, வண்டி வரைக்கும் நடக்கிற அந்த ஒரு நிமிடம். இதற்குக் கெமரா உங்களுக்கு முன்னால் பின்நடையாக வர வேண்டாம், ஈரப்படியில் வழுக்கும். லயத்தின் கோடியில் நின்று, நீங்கள் வீடு வீடாகக் கடந்து வருவதை ஒரே இடத்திலிருந்து எடுக்கட்டும். யார் யார் வாசலில் நின்றார்கள் என்பது முழுதாகப் பதிவாகும்.

மாப்பிள்ளை வீட்டிலும் இதே நேரத்தில் இதெல்லாம் நடக்கும். அதை உங்கள் கெமரா எடுக்க முடியாது, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கம் ஒருவர் ஃபோனில் 15 நிமிடம் எடுத்துக் கொடுத்தால் போதும்.

நீங்கள் மேடை ஏறுவதற்கு அரை மணி முன்னால் வீடியோக்காரர் மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு காரணம் குளிர். விடிகாலை வேனிலிருந்து ஆறிய கெமராவை, ஆட்களும் ஹோமப் புகையுமாகச் சூடேறிய மண்டபத்துக்குள் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், சில நேரம் லென்ஸுக்குள்ளேயே படியும். பையின் சிப்பைத் திறக்காமல் மண்டபத்துக்குள் 20, 30 நிமிடம் வைத்துவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபோனுக்கும் இதே கதைதான். அதைச் சட்டைப்பைக்குள் உடம்போடு வைத்திருந்தால் ஆவி பிடிக்காது. பேட்டரிகளும் அப்படியே உடம்போடு இருக்கட்டும், குளிரில் வேகமாக இறங்கும்.

மண்டபத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று மேடை விளக்கு. அலங்காரக்காரர்கள் இளஞ்சிவப்பு, நீல எல்இடியை மணவறைக்கு அடிப்பார்கள். கூறைச்சேலையின் அரக்கு நிறமும் முகத்தின் நிறமும் இதில் பாழாகும், எடிட்டிங்கில் திருத்தவும் முடியாது. தாலி கட்டி முடியும் வரை மணவறைக்கு வெள்ளை விளக்கு மட்டும் என்று அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். இன்னொரு கோளாறு, படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுவது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுக்கும். ஃபோன்களோ பெரும்பாலும் செக்கனுக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும். இரண்டும் ஒத்துப் போகாதபோது கோடு ஓடும். கெமராவிலும் ஃபோனிலும் 25 ஃப்ரேம் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனுக்கு வையுங்கள். ஐஃபோனில் செட்டிங்ஸ், கெமரா, ரெக்கோர்ட் வீடியோ என்று போனால் பால் (PAL) ஃபோர்மட்டைக் காட்டச் சொல்லும் பொத்தான் இருக்கும். அதைப் போட்டால்தான் 25 தெரியும். ஃபோனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஹோமத்தில் நெய் விட்டுத் தீ எழும் ஒவ்வொரு தடவையும் படம் இருண்டு வெளுக்கும்.

மழைக்காலத்தில் மின்சாரம் போவது நமக்குப் புதிதில்லை. ஆவணியில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை முடிந்திருக்காது. மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அது தானாக ஓடுமா, ஆள் போய்ப் போட எத்தனை நிமிடம் ஆகும் என்றும் கேளுங்கள். எப்படியும் வீடியோ லைட் ஒன்று பேட்டரியில் ஓட வேண்டும்.

இனி முகூர்த்தம். நீங்கள் கூறைத் தட்டை வாங்கிக்கொண்டு சேலை மாற்ற உள்ளே போவீர்கள். இருபது நிமிடமாவது ஆகும், மேடையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கெமராவுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய ஓய்வு இதுதான், வீணாக்க விடாதீர்கள். மாமா அந்த நேரத்தில் வீடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், தாளில் உள்ள பத்து முகங்களையும் ஆளுக்குப் பத்து செக்கன் எடுக்க வைக்கட்டும். பேட்டரியையும் மெமரி கார்டையும் மாற்ற வேண்டியதும் இப்போதுதான். சில கெமராக்கள் தொடர்ந்து ஓடினால் 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். தாலி முடிச்சு விழும் நேரத்தில் அப்படி நின்று, பக்கத்தில் மேளச் சத்தத்தில் யாருக்கும் தெரியாமல் போவது உண்டு. ஆகவே நீங்கள் கூறையோடு மேடைக்குத் திரும்பும்போது பதிவைப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

தாரை வார்ப்பில் எல்லாரும் முகத்தை எடுப்பார்கள். நடப்பது கையில். மாப்பிள்ளை கை, உங்கள் கை, அப்பா கை, மேலே அம்மா சொம்பிலிருந்து விடுகிற நீர். கெமரா மணவறையின் முன் விளிம்பில், தரையில் உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் கைகளை நெருக்கமாக, நீர் விழுந்து முடியும் வரை அசையாமல். பிறகு மெதுவாக மேலே அப்பாவின் முகத்துக்கு. நீர் விட்டு முடித்ததும் அவர் முகம் மாறும். பெரும்பாலான வீடியோக்களில் அந்த நேரம் கெமரா மாப்பிள்ளையிடம் ஓடியிருக்கும். பத்து செக்கன் அப்பாவிடமே நிற்கட்டும். அக்கா கல்யாணத்தில் குறுக்கே நின்றவர் அநேகமாகத் தட்டோ செம்போ எடுத்துக் கொடுக்க வந்த உறவுக்காரராக இருப்பார். அவர்கள் பின்பக்கமாகவோ ஐயரின் பக்கமாகவோ வந்து கொடுக்கும்படி மாமா முன்பே சொல்லி வைத்தால் மணவறையின் முன்பக்கம் சுத்தமாக இருக்கும்.

அடுத்து மாங்கல்யத்தைத் தேங்காயோடு தட்டில் வைத்துச் சபைக்கு ஆசி வாங்கக் கொண்டு போவார்கள். இதைப் பலர் இடைவேளையாக நினைத்து எடுப்பதே இல்லை. வந்திருக்கிற அத்தனை பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஒரே நேரம் அது. தட்டுக்கு எதிர்ப்பக்கமாக, இரண்டடி முன்னால், ஃபோன் பிடித்தவர் நடக்கட்டும். தட்டும் அதைத் தொடுகிற முகமும் ஒரே படத்தில் விழும். தட்டு அப்பாயியிடம் வரும்போது நிற்க வேண்டும். அவர் தொட்டு முடிக்கும்வரை நகரக் கூடாது. பெரிய கெமரா இதற்குப் போகக் கூடாது. தட்டு திரும்பி வந்த கையோடு ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்துவிடுவார், கெமரா கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

தாலி கட்டுவதற்கு இருபது செக்கன்கூட ஆகாது. மாப்பிள்ளை தன் பக்கத்திலிருந்து கையை நீட்டுவார். அவர் பக்கம் நிற்கிற கெமராவுக்கு அவர் முழங்கையும் முதுகும்தான் தெரியும், உங்கள் முகம் மறைந்துவிடும். நேர் முன்னாலும் வேண்டாம். அட்சதை போட எழுகிற கூட்டம் அங்கேதான் நெருக்கும், ஹோமப் புகையும் அங்கேதான் எழும். உங்கள் வெளிப்பக்கமாக, முன்னால் சற்றே சரிவாக, ஏழெட்டு அடி தள்ளி நிற்பதுதான் சரி. உங்கள் முகம், அவர் கை, பின்னால் நின்று முடிச்சுப் போடுகிற நாத்தனார் மூவரும் ஒரு சட்டத்துக்குள் வருவார்கள். அதனால்தான் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று ஐயரிடம் கேட்கச் சொன்னேன். கெட்டிமேளம் தொடங்கியபின் ஸூம் செய்யக் கூடாது, இடம் மாறக் கூடாது. ஸ்லோமோஷனும் வேண்டாம், அதில் எடுத்தால் மேளமும் மந்திரமும் படத்தோடு சேராது. போட்டோக்காரரிடம் முன்பே பேசி யார் எங்கே நிற்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள், தாலி நேரத்தில் வீடியோவை மறைப்பது அநேகமாக அவர்தான்.

தட்டோடு போகிற ஃபோன் அல்லாமல் இன்னொரு ஃபோனைத் தாலிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஸ்டாண்டில் மாட்டி, மேடை முழுதும் தெரிகிற மாதிரி ஆள் உயரத்துக்கு மேலே, கூட்டம் தட்டாத ஓர் ஓரத்தில் வைத்துப் பதிவைத் தொடங்கிவிடுங்கள். ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அந்த நேரம் ஓர் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடக்கூடும். 4கேயில் எடுத்தால் மணிக்கு 10 முதல் 20 ஜிபி வரை போகும், அதற்கு ஏற்ற இடத்தைக் காலி செய்து வையுங்கள். பெரிய கெமராவுக்கு ஏதாவது ஆனாலும் தாலி உங்கள் கையில் இருக்கும். பெற்றோர் நாலு பேரின் முகமும் இந்தப் படத்தில்தான் இருக்கும்.

சத்தத்துக்கு மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தில் ஒரு சின்ன மைக் போதும். ஐயரின் மந்திரம், நீங்கள் இருவரும் மெதுவாகப் பேசிக்கொள்வது எல்லாம் விழும். மந்திரத்துக்குச் சரியாக வைத்த அளவு கெட்டிமேளத்துக்கு மிகையாகிச் சத்தம் கரகரவென்று உடையும், அது திருத்த முடியாத கோளாறு. மந்திரம் ஓடும்போது சத்த அளவுமானி மைனஸ் 18 டெசிபல் பக்கம் ஆடட்டும். ரெக்கோர்டரில் குறைந்த அளவிலான இரண்டாவது பதிவு வசதி இருந்தால் அதையும் போடச் சொல்லுங்கள். நாதஸ்வரக்காரருக்கு மிக அருகே மைக்கை வைக்க வேண்டாம்.

பிறகு வருபவை சுலபம். பொரியில் தம்பியின் முகம். அம்மி மிதிக்கும்போது கெமரா முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்க வேண்டும், ஆட்களை அரை வட்டமாக நிற்கச் சொல்லி ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது மாமா வேலை. அருந்ததி பார்க்க வெளியே போகும்போது மழையோ மிஸ்டோ இருக்கலாம். குடை பிடிக்கிறவர் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். விவாகப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடுவது, சாட்சிகள் இருவர் போடுவது, ஆளுக்குப் பத்து செக்கன். இதற்கெல்லாம் பிறகு மொய் வரிசை தொடங்கும்போது வீடியோக்காரரைச் சாப்பிட அனுப்புங்கள். பசியோடு நிற்கிறவர் புறப்படும் நேரத்தில் பந்தியில் இருப்பார். நீங்கள் அம்மாவிடம் விடைபெறுவது பதிவாகாது. அந்தக் காட்சிக்கு லைட் போட வேண்டாம், ஆறேழு அடி தள்ளி நிற்கட்டும், யாரையும் திரும்ப அழ வைக்க வேண்டாம்.

சித்திக்கு நேரலை காட்டத் தனி ஃபோன் வேண்டும். பதிவு செய்கிற ஃபோனிலேயே வட்ஸ்அப் வீடியோ கோல் எடுத்தால் பதிவு கெடும். மண்டபத்துக்குள் எந்த நெட்வேர்க் பிடிக்கிறது என்பதை ஒரு நாள் காலையில் போய் அதே மணவறைப் பக்கம் நின்று பாருங்கள். கூட்டம் வந்தபின் வேகம் இன்னும் குறையும், ஆகவே இரண்டு நிறுவனத்தின் சிம் கையில் இருப்பது நல்லது. நம் கடிகாரம் டுபாயை விட ஒன்றரை மணி முந்தி, 9.10 முகூர்த்தம் அவருக்குக் காலை 7.40. வேலைக்குப் போகும் நேரமாக இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள். சித்தி ஃபோன் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தத் திரையையும், அதைப் பிடித்திருக்கிற அம்மாவையும் பெரிய கெமரா ஐந்து செக்கன் எடுக்கட்டும். அவரும் உங்கள் கல்யாண வீடியோவில் இருப்பார்.

ட்ரோன் விஷயம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டு, உரிய பதிவும் அனுமதியும் உள்ளவரிடம்தான் பேசுங்கள். தோட்டத்துரையிடமும் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆவணியில் பிற்பகல் மிஸ்ட் இறங்கினால் ஒன்றும் தெரியாது. ட்ரோன் காட்டுகிற உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. கீழே ரோட்டில் கிளப்பி 30 மீற்றர் என்று வைத்தால், எதிரே மலை 60 மீற்றர் ஏறியிருக்கும். தானாகத் திரும்புகிறபோது சவுக்கு மரத்திலோ மின்கம்பியிலோ மோதும். உங்கள் வசதியைச் சொல்லியிருக்கிறீர்கள். ட்ரோனுக்கான பணத்தை மைக்குக்கும் இரண்டாவது மெமரி கார்டுக்கும் போடுங்கள் என்பேன். மலைக்காட்சி வேண்டுமானால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் கழித்து, காலை 6.30க்கு, ஃபோனில் எடுத்தாலே வெளிச்சம் நன்றாக இருக்கும். டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளின் பார்வையிடங்கள் ஹட்டன் ரோட்டிலேயே இருக்கின்றன. சென் கிளேயரின் நீர் மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் போவதால் எல்லா நேரமும் முழுதாகக் கொட்டாது, முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். தேயிலைக்குள் இறங்கினால் அட்டைக்கு உப்பு கொண்டுபோக மறக்காதீர்கள், கூறைச்சேலையோடு இறங்க வேண்டாம்.

வீடியோக்காரரோடு பேசும்போது என்ன தருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஐந்தாறு நிமிடச் சுருக்கம் ஒன்று, ஒரு மணி நேரத்துக்குள் முழுப் படம் ஒன்று, கூறையோடு நீங்கள் மேடைக்கு வந்ததிலிருந்து அருந்ததி வரை வெட்டாத பதிவு ஒன்று. மூன்றாவதில் சினிமாப் பாட்டு ஏற்றாமல் அசல் சத்தமே இருக்க வேண்டும். எடுத்த அத்தனை கோப்புகளையும் ஹார்ட் டிஸ்க்கில் தரச் சொல்லுங்கள், டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுக்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், தாரை வார்ப்பும் தாலியும் உள்ள கோப்பைத் திறந்து, சத்தத்தோடு கடைசி வரை ஓடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.